கார்சன் சிட்டி தங்க நாணயம்: எடையை நம்பி வாங்காதீர்கள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், காம்ஸ்டாக் வெள்ளி, தங்கச் சுரங்கங்களுக்கு அருகிலேயே 1870-இல் இயங்கத் தொடங்கியது கார்சன் சிட்டி நாணயச்சாலை. 1893-க்குப் பிறகு அங்கு நாணயம் அடிக்கவில்லை. அதன் தங்க நாணயங்களுக்கு இன்று கிடைக்கும் கூடுதல் மதிப்பெல்லாம் பின்பக்கத்தில் கழுகுக்குக் கீழே இருக்கும் 'சிசி' (CC) என்ற இரண்டு குட்டி எழுத்துகளில்தான் இருக்கிறது. புதிதாகச் சேகரிப்பவர்களோ தங்கத்தைத்தான் சோதிக்கிறார்கள்.

20 டாலர் நாணயம் 33.436 கிராம் எடை, 90 சதவீதம் தங்கம். பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்ததும் அப்படியே. அந்தச் சாதாரண நாணயத்தில் 'சிசி'யை ஒட்டிவிட்டால் தராசும் உரைகல்லும் அதை அசல் என்றே சொல்லும். போதாக்குறைக்கு, உரைத்த கீறல் அசல் நாணயத்தின் விலையையும் குறைத்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அசலில் எழுத்து நாணயத்தின் உடம்பிலிருந்தே எழும்பியிருக்கும். ஒட்டியதில் மெல்லிய கோடோ, நிறமாற்றமோ, சுற்றிலும் தேய்த்த தடமோ தெரியும். 1870-ஆம் ஆண்டின் 'சிசி' 20 டாலர் நாணயம் யாராவது நீட்டினால் இந்தச் சோதனை கட்டாயம். அடித்ததே 3,789தான், எஞ்சியவை நூறுகூட இல்லை.

எந்த ஆண்டில் எந்த நாணயம் அடித்தார்கள் என்ற பட்டியலைப் பார்க்காமல் பணம் கொடுப்பதும் பெரிய தவறு. கார்சன் சிட்டியில் அடித்த தங்க நாணயங்கள் 5, 10, 20 டாலர் மட்டுமே. இரண்டரை டாலர் நாணயத்தில் 'சிசி' இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். 1880, 1881-இல் 20 டாலர் அடிக்கவில்லை. 1886 முதல் 1888 வரை எதுவுமே அடிக்கவில்லை.

தயவுசெய்து நாணயத்தைத் துலக்காதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளில் படிந்த மேற்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான். 1870-களின் தொடக்கத்தில் வந்தவை சந்தையில் நன்றாகப் புழங்கியவை. தேய்மானமும் சிறு அடிகளும் அவற்றுக்கு இயல்பு. அசாதாரணமாகப் பளபளக்கும் 1872-ஐக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். விளிம்பையும் சுற்றிப் பாருங்கள்: பதக்கமாகக் கோத்திருந்தால் பற்றவைத்த தடம் இருக்கும்.

நாணயங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பிசிஜிஎஸ் (PCGS), என்ஜிசி (NGC) நிறுவனங்களின் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தாலும் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். பெட்டியிலும் போலி உண்டு. முதல் நாணயத்துக்கு 1875, 1876, 1890 ஆண்டுகளின் 20 டாலரே போதும். மற்ற ஆண்டுகளைவிட இவை எளிதில் கிடைக்கும். நான்கைந்தை அருகருகே வைத்து ஒப்பிட்டு வாங்கலாம்.