அங்கோரா முயல் வளர்ப்பு: மூன்று முயல்களோடு தொடங்குங்கள்

ரோமத்துக்காக முயல் வளர்க்க ஆசையா? மூன்று முயல்கள் போதும். சீவுவதும் வெட்டுவதும் கைக்குப் பழகிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம்.

1. இனம்

ஜெர்மன் அங்கோராவை நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு ஒரு கிலோ அளவுக்கு ரோமம் தரும். ஆனால் அது தானாக உதிராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிரெஞ்சு, இங்கிலீஷ் வகைகளில் ரோமம் குறைவாகத்தான் கிடைக்கும்.

2. கூண்டு

ஒரு கூண்டில் ஒரே முயல். சேர்த்து விட்டால் சண்டை போடும், ரோமமும் சிக்காகும். புழுக்கை கீழே விழுகிற மாதிரி கம்பி வலைத் தளம் வையுங்கள். பாதம் புண்ணாகாமல் உட்கார ஒரு பலகையும் வேண்டும். முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். அதனால் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் இடத்தில் இந்தத் தொழில் வேண்டாம்.

3. தீவனம்

உலர்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். முயல் தன்னை நக்கும்போது ரோமத்தை விழுங்கிவிடும், அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. புல்லின் நார்தான் குடலை ஓடவைக்கும். தினமும் புழுக்கையைப் பாருங்கள்: மணி கோத்த மாதிரி ரோமத்தில் தொடுத்துக்கொண்டு வந்தால் புல்லைக் கூட்டுங்கள். சாப்பிடுவதையே நிறுத்திவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

4. வெட்டுதல்

75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை. முதலில் சீவித் தூசியை எடுங்கள். அப்புறம் முதுகுத்தண்டை ஒட்டி வகிடு பிரித்து, அங்கிருந்து பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே இறங்குங்கள். ரோமத்தைப் பிடித்து மேலே தூக்கவே கூடாது. தோலும் கூடவே எழும்பி கத்தரிக்கோலில் மாட்டும். விரல்களால் தோலை விரித்துப் பிடித்தால் பயமில்லை. வயிற்றில் முலைக்காம்புகளைத் தொட்டுப் பார்த்த பிறகே வெட்டுங்கள். வெட்டின இடத்தில் மறுபடி வெட்டினால் துண்டு ரோமம் கலந்து நூலைக் கெடுக்கும். உயிருள்ள முயலிடமிருந்து ரோமத்தை வெடுக்கென்று பிடுங்குவது கொடுமை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வெட்டி முடித்ததும் முயலுக்குக் குளிரும். சில நாள் கூடுதல் தீவனமும் கதகதப்பான பெட்டியும் கொடுங்கள்.

5. தரம் பிரித்தல்

வெட்டும்போதே பிரித்துவிடுங்கள். முதுகு, விலாப் பக்கத்து நீள ரோமம் ஒரு பெட்டி, கழுத்து, வயிற்று ரோமம் இன்னொன்று, சிக்கானது தனி. அழுத்தித் திணிக்காதீர்கள். செம்மறி ரோமத்தைப் போல இதில் எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, சுத்தமாக இருந்தால் கழுவாமலே நூற்கலாம். வழுக்கும் என்பதால் முறுக்கு கூடுதலாகப் போட வேண்டும். புதிதாக நூற்பவர்கள் கொஞ்சம் செம்மறி ரோமத்தைக் கலந்துகொண்டால் இழை அறுந்து அறுந்து விழாது.