தீவுக்கு முதலில் போங்கள், ஊருக்கு அப்புறம்

பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, அப்படியே பக்கத்தில் ஒரு தீவையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீவுக்கு முதலில் போங்கள். உறவுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் நிம்மதியாகக் கடலில் கால் நனைக்கலாம் என்ற கணக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் செல்லுபடியாகாது. ஊர் நீங்கள் கொடுத்த நாட்களை எடுத்துக்கொண்டு மீதியையும் கேட்கும். "ஊருக்கு வர நாளில்ல, தீவுக்குப் போக மட்டும் நாளிருக்கா?" என்று பெரியம்மா கேட்பார். எப்படிப் போனாலும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது, அதை வெயிலில் கறுத்துப்போய் வந்து வாங்கிக்கொள்வது மேல்.

எந்தத் தீவு என்பதை உங்கள் ஆசை முடிவு செய்யாது, மழைதான் முடிவு செய்யும். ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் படகுகள் திடீரென்று நிற்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும். அதோடு பிள்ளைகளிடம் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் சரி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கான விதிகள் வேறு. டிசம்பர் விடுமுறை என்றால் அந்தமானைத் தாராளமாக யோசிக்கலாம். கோடைக்கு இலங்கையின் கிழக்குக் கரைதான் என் தேர்வு. அங்கே பெருமழை அக்டோபருக்கு மேல்தான் வரும், அதனால் ஜூலை, ஆகஸ்டில் திருகோணமலைக் கடல் குளம் மாதிரி கிடக்கும். இதே மாதங்களில் காலி, ஹிக்கடுவை பக்கம் தெற்கு, மேற்குக் கரையில் அலை அடிக்கும். இது தெரியாமல் கொழும்புக்குப் பக்கத்திலேயே கடற்கரை விடுதி எடுத்துவிட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நிலாவெளி, உப்புவெளி இரண்டும் நல்ல கரைகள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் தெற்கே பாசிக்குடா, கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் ஆழம் இல்லை. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, பவளப்பாறை உள்ள தேசியப் பூங்கா. நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் மாட்டிவிட்டால் மேலே வரவே மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள், உச்சிவெயிலில் அங்கே ஒதுங்க நிழல் குறைவு. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்போல. விமான நிலையம் கட்டுநாயக்காவில், நகரத்துக்கு வடக்கே இருப்பதால் கொழும்புக்குள் நுழையாமல் குருநாகல், தம்புள்ளை வழியாகவே திருகோணமலை போகலாம். ஒரே மூச்சில் போகாதீர்கள். ஹபரணையில் இரவு தங்கினால், பக்கத்தில் மின்னேரியா குளத்துக்கு வறண்ட காலத்தில் யானைகள் கூட்டம் கூட்டமாக வரும், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. என் மகனுக்குக் கடலைவிட அதுதான் பிடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலை, திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் நம்பி வைக்காதீர்கள், வானிலை பார்த்துத்தான் ஓடும்.

காகிதங்களைப் பற்றிச் சில மட்டும். பிள்ளைகளுக்கு ஓசிஐ எடுக்காமல் 30 நாள் இ-விசாவில் வருகிறவர்கள், அது இரண்டு முறை நுழைய மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குள் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓசிஐ இருந்தால் புது பாஸ்போர்ட் வாங்கியபோது அதன் நகலையும் படத்தையும் இணையத்தில் ஏற்றினீர்களா என்று பாருங்கள். இலங்கைக்கு இடிஏ என்ற முன்பயண அனுமதி எல்லோருக்கும் தனித்தனியாக. அப்புறம், கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு பறக்க நேர்ந்தால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். நேராது என்று நினைப்பீர்கள். நேரும். எங்களுக்கு எப்படி நேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. தாத்தா வாங்கியது, அப்பா வைத்துக்கொண்டது, அப்பா போன பிறகு அண்ணன் பார்க்கிறார். சொட்டுநீர் போட வங்கியில் கடன் கேட்டிருக்கிறார், வங்கி வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தையும் கேட்டிருக்கிறது. நியாயம்தான். பெண்களுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005ல் அது நாடு முழுக்க வந்தது. அதனால் கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்து இல்லாமல் எந்த வழக்கறிஞரும் சொத்துக்கு ஒப்புதல் தருவதில்லை. நான் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்த அன்று இரவே, "பாப்பா, வந்ததுதான் வந்துட்ட, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு" என்றார் அண்ணன். என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே தட்டச்சாகி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. தோப்பு எனக்கு வேண்டாம், கேட்டிருந்தால் போனிலேயே சரி என்றிருப்பேன். ஆனால் கேட்கவில்லையே. அண்ணி அன்றைக்கு எனக்குப் பிடிக்கும் என்று களியும் கீரையும் செய்திருந்தார், அதைச் சாப்பிட்டுக்கொண்டே யாரால் கோபப்பட முடியும்.

ஒரு கையெழுத்து என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில் எத்தனை என்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் நீட்டி முழக்கி இருக்கிறது, வாரிசுச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம். தாத்தாவின் மூலப்பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கிறது, ஏனென்றால் தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல். அப்பா காலத்துக் காகிதங்களில் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். தோப்பு நகரவே இல்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அதைப் பத்திரம் எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் விளக்கி எழுதி மறுபடி அச்செடுத்தார். பிறகு ஆதார். என் விரல் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை, ஓடிபி எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம்முக்குப் போகிறது. அப்புறம் சர்வர். அங்கே வேலை பார்க்கும் பெண் கடிந்து பேசவில்லை, நாளைக்கு வாங்கம்மா என்று அவ்வளவு மென்மையாகச் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பத்திரம் போடக் கூடாது என்று அம்மா. ஆடிப்பெருக்கு அன்று போடலாம், அது நல்ல நாள் என்று எழுத்தர். நல்ல நாள் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும், அன்றைக்கு டோக்கனுக்கு அடிதடி. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில். எங்கள் கொழும்பு விமானம் அதற்கு முன்பு. கடைசியில் கணவரும் பிள்ளைகளும் போனார்கள், நான் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மகள் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களை அங்கேதான் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பாட்டிக்கும் காட்டினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கிளம்பும் மும்முரத்தில் இருந்தார்கள்.

அண்ணன்மேல் கோபமா என்றால், இருக்கிறது. ஆனால் அப்பாவைக் கடைசி வருடங்களில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர். நான் வீடியோ அழைப்பில் "மாத்திரை போட்டீங்களாப்பா" என்று கேட்டவள். அந்த வராந்தாவில் யாரிடம் எதைக் கேட்டு நான் சண்டை போட முடியும்?

உங்களுக்கு நான் சொல்வது: கிளம்பும் முன்பே வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள், ஏதாவது கையெழுத்து இருக்கிறதா என்று. இருந்தால் இந்தியத் தூதரகத்தில் அந்த ஒரு பத்திரத்துக்கு மட்டுமான அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிடலாம். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதைத் தவறவிடுகிறார்கள். சொத்தை வாங்கிக்கொள்பவர் பெயருக்கே அதிகாரம் எழுதாதீர்கள், நம்பிக்கையான வேறொருவர் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் பரம்பரையாக வரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கத்தான் முடியாது. "உனக்குத்தான் இங்க உரிமையே இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆதாரோடு இணைத்த சிம்முக்கு மாதாமாதம் பணம் போட்டு உயிரோடு வைத்திருங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்தில் அங்கிருந்தே பார்க்கலாம், பெயரில் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஊரில் பிள்ளைகளோடு இருக்கும் நாட்களைப் பற்றிக் கொஞ்சம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், இந்த மண்ணில் ஃபுளோரைடு அதிகம், என் வயதுக்காரர்கள் பல்லைப் பார்த்தாலே தெரியும். 2013ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும், பாட்டில் தண்ணீர்ப் பெட்டியோடு போய் இறங்கினால் அத்தை முகம் மாறும். ஒகேனக்கல்லில் பரிசல் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை வந்துவிடும், அது பெரும்பாலும் இதே ஜூலை, ஆகஸ்டில்தான். மீன் வறுவல் மட்டும் எப்போதும் கிடைக்கும். மாம்பழத்துக்காக வருகிறவர்கள் ஜூனிலேயே வந்துவிடுங்கள்.

திரும்பும் விமானம் பெங்களூரிலிருந்து என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளிக்கு ஓசூர், அத்திப்பள்ளி, அப்புறம் பெங்களூர் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். ராத்திரி விமானத்துக்கு மதியச் சாப்பாட்டோடு கிளம்புங்கள். கிளம்பும் நாளை உறவுகளிடம் சொல்லும்போது ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், அந்த ஒரு நாளை அம்மாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.