பொண்ணுக்கு ழகரம் வர்ற பேரா? நான் சொதப்புனத நீங்களும் சொதப்பாதீங்க

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணி, பாப்பாவுக்கு குழலின்னு முடிவு பண்ணிட்டோம்க்கான்னா. அருமையான பேருடி, இங்கிலீஷ்ல எப்படி எழுதப்போறேன்னு கேட்டேன், "அதெல்லாம் அவரு பாத்துப்பாருக்கா"ன்னு சொன்னா பாருங்க, எனக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்து வயிறு எரிஞ்சிடுச்சு. என் பொண்ணு பேரு எழிலி. ஒன்பது வயசாகுது.

அர்த்தம் பாக்காம வைக்கறது

எழில்னா அழகு, அப்ப எழிலின்னா அழகின்னுதான் நானும் நெனச்சு வச்சேன். எட்டு மாசம் கழிச்சு பக்கத்து வீட்டு தமிழய்யாதான் "மேகத்தோட பேர வச்சிருக்கீங்களேம்மா"ன்னு சொல்லி 17ஆவது குறள எடுத்து காட்டுனாரு, 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்'னு வருதே அதே எழிலிதான், மழை மேகம். ஐப்பசி அடைமழைல பொறந்தவ, ஏதோ தற்செயலா பொருந்திடுச்சு. எல்லாருக்கும் இப்படி பொருந்தாது.

யாருக்குமே இல்லாத பேருன்னு நம்பறது

நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு யாழினி கூட கெடையாது. இப்ப இவ கிளாஸ்லயே ரெண்டு யாழினி, இனிஷியல் சேத்துதான் கூப்பிடறாங்க.

சத்தமா கூப்பிட்டு பாக்காம விடறது

ழ-வுக்கு நாக்கு மேல வளைஞ்சு எதையும் தொடாம நிக்கணும், உடனே வர்ற லி-க்கு மேல்பல்லுக்கு பின்னாடி போய் தொடணும், அவசரத்துல யாருக்கும் வராது. என் மாமியார் திருநெல்வேலி, அவங்களுக்கு எளிலி. மெட்ராஸ்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு எயிலி. கிளாஸ் பசங்களுக்கு சுருக்கமா எலி, இதுக்கு அவ அழுத அழுகை தனி கத. மொட்ட மாடில நின்னு இருபது தடவ கத்தி கூப்பிட்டு பாருங்க, அப்புறம் வைங்க.

ஸ்பெல்லிங்க ஆளுக்கொண்ணா விடறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆத்தாமை. ஆஸ்பத்திரில 21 நாளுக்குள்ள பேர் இல்லாம பொறப்ப மட்டும் பதிஞ்சாங்க, அது வழக்கம்தான், பதிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள போனா பேர காசு இல்லாம சேத்துக்கலாம், அதுக்கு மேல லேட் ஃபீஸ், 15 வருஷம் வரைக்கும் டைம். நான் பத்தாவது மாசம் போயி, தமிழ்ல மட்டும் அழகா எழுதி குடுத்துட்டு இங்கிலீஷ கிளார்க் கையில விட்டுட்டேன். அவரு போட்டது இ, இசட், ஹெச், ஐ, எல், ஐ. ஆதாருக்கு வீட்டுக்காரர் போனாரு, அவருக்கு வாயில வர்றது எளிலிதானே, இ, எல், ஐ, எல், ஐ. ஸ்கூல்ல ஹெச்ச முழுங்கிட்டாங்க. ஒரே புள்ள, மூணு பேரு.

சிங்கப்பூர்ல தங்கச்சி வீட்டுக்கு போக பாஸ்போர்ட் எடுக்க போனப்ப, கவுன்டர்ல பர்த் சர்டிஃபிகேட்டயும் ஆதாரயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு "ரெண்டும் ஒரே குழந்தையா மேடம்"னு கேட்டாங்க. திரும்ப வந்து ஆதார்ல திருத்தி, மறுபடி அப்பாயின்ட்மென்ட் போட்டு, அதுக்குள்ள டிக்கெட் கேன்சல் ஆகி காசும் போச்சு. ஆதார்ல பேர வாழ்நாள்ல ரெண்டு தடவதான் மாத்த முடியும், அதுல ஒண்ண ஆறு வயசுலயே நாங்க காலி பண்ணிட்டோம். ஸ்பெல்லிங்க ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சிருந்தா போதும், இவ்ளோதான் வேல!

2023 அக்டோபர் 1லேர்ந்து பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், லைசென்ஸ்னு எல்லாத்துக்கும் பர்த் சர்டிஃபிகேட்தான் அடிப்படை. பிரின்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன காட்ட சொல்லி, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒவ்வொரு எழுத்தா படிங்க.

நியூமராலஜிக்கு எழுத்து கூட்டறது

வேண்டாம்.

நேத்து ராத்திரி சித்தி பொண்ணோட வீட்டுக்காரர் வாட்ஸப்ல கேக்கறாரு, "அண்ணி, குழலிக்கு ஏ ஒண்ணா ரெண்டா?" ஒண்ணு, எழுதி பர்ஸ்ல வைங்கன்னு அனுப்பிட்டு படுத்தேன்.