மாதக் கட்டணமில்லாமல் டிவி: தருமபுரி, கிருஷ்ணகிரியில் டிஷ்ஷை எங்கே திருப்புவது?

தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. 60 செ.மீ. டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி, ஆர்ஜி-6 எனும் டிஷ் கேபிள், செட்-டாப் பாக்ஸ் போதும். பாக்ஸ் எம்பெக்-4 (புதிய வீடியோ வடிவம்) வகையாக இருக்கட்டும். எம்பெக்-2 மலிவுதான், ஆனால் சில சேனல்கள் வராது.

முதலில் கம்பத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். அது சாய்ந்தால் எந்தக் கோணமும் சரிவராது. இந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. நம் இரு மாவட்டங்களிலிருந்தும் வடக்கிலிருந்து வலமாக 127-128 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்கே. தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம் சுமார் 67 டிகிரி. ஆஃப்செட் டிஷ் (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) பார்வைக்கு இதைவிடத் தாழ்வாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அந்தத் திசையில் தென்னையோ மாமரமோ மறைக்கக் கூடாது.

பாக்ஸில் எல்என்பி அலைவரிசை 9750/10600 என வையுங்கள். டிஷ்ஷை மிக மெதுவாக நகர்த்துங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்: திரையில் தெரியும் இரண்டு அளவுகளில் ‘ஸ்ட்ரெங்த்’ எந்தத் திசையிலும் ஏறும், பார்க்க வேண்டியது ‘குவாலிட்டி’. அது வந்தபின் எல்என்பியை அதன் பிடியில் இருபுறமும் திருப்பி, அதிகபட்சம் வரும் இடத்தில் இறுக்குங்கள்.

கனெக்டரில் வலைக்கம்பி இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். கேபிளைத் தொடுமுன் பாக்ஸை அணைத்துவிடுங்கள்.