அடைகல் துளைக்குக் கருவி அடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும்தான் எங்கள் உலை எரியும். அதற்கு நடுவே கிடைக்கும் நாட்களில்தான் சுருள் வேலை. போன மாதம் இரண்டு தம்பிகள் வந்தார்கள். கும்பகோணம் பக்கத்துப் பழைய வீட்டு ஜன்னல்களில் இருப்பது போலச் சுருளும் இலையும் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அப்படியானால், இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லின் சதுரத் துளையில் நிற்கும் உளி, கம்பியை வளைக்கும் கவை எல்லாவற்றையும் முதலில் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் செய்த அதே தவறை முதல் நாளே செய்தார்கள்.

கண்ணாடி போடுங்கள், கறுத்த இரும்பும் சுடும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

கருவியின் காலை ஆப்பாக அடிப்பது

நம் ஊர்ப் பழைய அடைகல்லில் துளையே கிடையாது. மரக்கட்டையில் பதித்த சதுர இரும்பு, அவ்வளவுதான். உளியை நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு புளியங்கட்டையில் குத்தி வைப்போம். அதற்குக் கூம்பிய கால், அதாவது உள்ளே இறங்கும் அடிப்பகுதி, வேண்டும், இறங்க இறங்க இறுகும். அந்தக் கைப்பழக்கத்தைக் கொம்பு வைத்த அடைகல்லுக்கும் கொண்டுபோவதில்தான் வினை. மரம் விட்டுக்கொடுக்கும். வார்ப்பிரும்பு பிளந்துவிடும். துளை இருக்கும் வால் பக்கம், அதாவது கொம்புக்கு எதிர்முனை, அடைகல்லிலேயே மெலிந்த இடம். கூம்பிய காலின் மேல் சம்மட்டி விழும் ஒவ்வொரு முறையும் துளையின் நான்கு சுவரும் வெளியே தள்ளப்படுகின்றன.

2015 ஐப்பசியில் எனக்கு அதுதான் நடந்தது. 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிய, கொம்பு வைத்த பழைய அடைகல், துளை 25 மி.மீ. ஆடவே கூடாது என்று காலை மேலே 26, கீழே 22 வரும்படி அடித்து இறக்கினேன். அசையாமல் நின்றது. பார்க்கப் பெருமையாக இருந்தது. ராத்திரி அதிலேயே விட்டுவிட்டேன். மழை ஈரத்தில் துரு ஏறி, காலையில் இழுத்தால் வரவில்லை. வேலை அவசரம், அப்படியே தடித்த கம்பி ஒன்றை வைத்துச் சம்மட்டி போட்டோம். மூன்றாவது அடியில் துளையின் மூலையிலிருந்து வால் பிளந்தது. வெல்டிங் வைத்துப் பார்த்தேன்; ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் ஓடியது. யாராவது காலைக் கூம்பாக அடிப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கால் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக, துளையைவிட அரை மி.மீ. ஒல்லியாக இருக்கட்டும். கையால் போட்டால் இறங்க வேண்டும், கையால் எடுத்தால் வர வேண்டும். அடியின் பாரத்தைத் தாங்க வேண்டியது தோள், அதாவது காலுக்கு மேலே அகன்று நிற்கும் பகுதி. அது சுற்றிலும் அடைகல் முகத்தில் படிந்து உட்கார வேண்டும். கருவி திரும்பாமல் நிறுத்துவது மட்டும்தான் காலின் வேலை. தோளைப் படிய வைத்து அடிக்கும்போது உடல் சிவந்தும் கால் கறுத்தும் இருக்க வேண்டும். காலும் சிவந்திருந்தால் துளைக்குள்ளேயே உப்பி மாட்டிக்கொள்ளும். தோளும் காலும் சேரும் உள்மூலையைக் கூராக விடாதீர்கள், பின்னால் அங்கேதான் ஒடியும்.

கொஞ்சம் ஆடுகிறதே என்று தம்பிகள் கேட்டார்கள். ஆடட்டும். பொறுக்க முடியாவிட்டால் காலைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

முழுக் கருவிக்கும் தோய்ச்சல்

தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது, உளியின் விளிம்புக்கு மட்டும் போதும். பழைய லாரி ஆக்ஸிலில் அடித்ததென்றால், காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றுத் தாண்டியதும் எண்ணெயில் தோயுங்கள். தண்ணீரில் விட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் விளிம்பைத் தேய்த்து வெளுப்பாக்கி, நீலம் ஓடும்வரை மெதுவாகச் சூடு ஏற்றி இறக்க வேண்டும். இதைச் செய்யாத உளி கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும். கவைக்குத் தோய்ச்சலே வேண்டாம். கால் எந்தக் கருவியிலும் மெத்தென்றுதான் இருக்க வேண்டும்.

சுருள் அச்சை வரைபடத்தின் வெளிக்கோட்டில் வளைப்பது

கம்பி அச்சின் வெளிப்பக்கம் சுற்றுகிறது. அதனால் அச்சு, முடிந்த சுருளின் உள்கோட்டில் இருக்க வேண்டும். வெளிக்கோட்டில் வளைத்தால் 12 மி.மீ. கம்பிக்கு ஒவ்வொரு பக்கமும் 12 மி.மீ. கூடிவிடும், ஜன்னல் சட்டத்துக்குள் நுழையாது. நடுப்பகுதியைச் சற்று உயரமாக விடுங்கள். அப்போதுதான் கம்பியின் நுனியை முதலில் அதில் மாட்டிச் சுற்ற முடியும்.

துத்தநாகம் பூசிய குழாய்

உலைக்குள் போகவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

வெட்டிய பிறகும் துளையில் நிற்கும் உளி

உடனே எடுத்துக் கீழே வையுங்கள். அடுத்த கம்பியைத் திருப்பும்போது உங்கள் முன்கை அதன் மேல்தான் போகும்.