வீட்டுக்கு வருகிறவர்களைச் சொல்லாமல் பதிவு செய்யலாமா? தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

போன புரட்டாசியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் படையல் வைத்தோம். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன், அத்தையும் சித்தியும் முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, கூரியர்காரர் வந்தாரா என்று பார்க்க கேமரா ஆப்பைத் திறந்தால் அத்தையின் குரல்: "மார்ல ஒரு கட்டி இருக்குடி, பிள்ளைங்களுக்குச் சொல்லிடாத." சாமி விளக்குக்கு மேலே, திருடனுக்காக மாட்டிய கேமரா அது. அத்தை எனக்குச் சொல்லாத விஷயத்தை நான் கேட்டுவிட்டேன், அதைக் கேட்காததாக இனி ஆக்க முடியாது. அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

முதல் படி: அந்தப் பேச்சில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள்

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சிம் கார்டு வாங்கும்போது அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்கிறார்களே, அந்த ரீக்கா சட்டம்தான் (2002-ஆம் ஆண்டின் 70-ஆம் எண்) பேச்சைப் பதிவு செய்வதற்கும். அதன் 2-ஆம் பிரிவு அடுத்தவர் பேச்சை வேண்டுமென்றே இடைமறிப்பதை, அதாவது ஒட்டுக்கேட்பதையோ பதிவு செய்வதையோ, தடை செய்கிறது. ஃபோன் பேச்சு மட்டுமில்லை, நேரில் உட்கார்ந்து பேசுவதும் அதில் சேரும். 4-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: பேச்சில் நீங்களும் ஒருவர் என்றால் மற்றவரிடம் சொல்லாமலே பதிவு செய்யலாம். உங்களிடம் நேராகப் பேசாவிட்டாலும், பக்கத்திலேயே இருந்து அது உங்கள் காதில் விழுகிறது என்றால் நீங்களும் அதில் ஒருவர்தான். முன்பணம் வாங்கிக்கொண்ட கூரை வேலைக்காரர் உங்கள் எதிரில் நின்று "அடுத்த வாரம் முடிச்சுடுவேன்" என்கிறார், உங்கள் சட்டைப் பையில் ஃபோன் பதிவு செய்துகொண்டிருக்கிறது; அது குற்றமில்லை. ஆனால் அந்தப் பதிவை வைத்து அவரை மிரட்டிப் பணம் பறிப்பதுதான் நோக்கம் என்றால் அந்த விலக்கு கிடையாது.

இப்போது நீங்கள் எழுந்து டீ போடப் போகிறீர்கள், ஃபோன் மேசை மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது, வந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை. வேண்டுமென்றே அப்படி விட்டுப் போனால் அது இடைமறிப்பு, 2 மில்லியன் ராண்ட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை. "என் வீடு, என் பேரில் பத்திரம், என் கேமரா" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீடு யாருடையது என்பதைப் பார்த்து இந்தச் சட்டம் விலக்கு கொடுக்கவில்லை, பேச்சில் யார் இருந்தார் என்பதைப் பார்த்துத்தான் கொடுக்கிறது.

இரண்டாம் படி: மைக்கை அணையுங்கள்

ஆப்பைத் திறந்து, கேமராவின் செட்டிங்ஸுக்குள் போய், ஒலி அல்லது மைக் என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். எங்கள் கேமராவில் பெட்டியைப் பிரித்து மாட்டிய நாளிலிருந்தே அது ஆன் ஆகித்தான் இருந்தது, நாங்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அணைத்தபின் ஒரு நிமிடம் கேமரா முன்னால் நின்று பேசி, பதிவைப் போட்டுக் கேளுங்கள். திருடனைப் பிடிக்கப் படம் போதும். தெரியாமல் பதிவானதும், தெரிந்தபின்னும் அப்படியே ஓடவிடுவதும் ஒன்றில்லை.

மூன்றாம் படி: படம் எங்கே போகிறது என்று பாருங்கள்

வாசல், கேட், கார் நிறுத்தும் இடம் என்றால் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தால் திருப்புங்கள். குளியலறை, கழிப்பறை, கல்யாணத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் உடை மாற்றும் அறை, இங்கெல்லாம் எந்தக் காரணத்துக்காகவும் ஒளித்து வைக்காதீர்கள். அடுத்தவரின் மானத்தையும் அந்தரங்கத்தையும் குலைப்பது இங்கே கிரிமென் இஞ்ஜூரியா என்ற குற்றம். ஒலியே இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுக்க முழுக்க வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று இருப்பதைத் தொடாது, அது உண்மை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமை உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவருக்கும் உண்டு, அதை வைத்து அவர் உங்கள் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம்.

நான்காம் படி: சொல்லிவிடுங்கள்

வாசலில் ஒரு சின்னப் பலகை, வருகிறவர்களிடம் வாய் வார்த்தையாக "அங்க கேமரா இருக்கு" என்று ஒன்று. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இதைவிட அதிகம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர் நாள் முழுக்க உங்கள் கேமரா முன்னால் இருக்கிறார், மதிய இடைவேளையில் தன் பிள்ளைக்கு ஃபோன் போட்டு ஜூலுவில் பேசுகிறார். ஒலியும் வேண்டும் என்று நினைத்தால் முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பேசுகிறவர்களில் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறது ரீக்காவின் 5-ஆம் பிரிவு. அவருக்குப் படிக்க வருகிற மொழியில் எழுதுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள், அதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் படி: ஏற்கெனவே பதிவானதை என்ன செய்வது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சட்டப்படி எடுத்த பதிவாகவே இருந்தாலும் பரப்புவது தனி விவகாரம்: அவதூறு, அந்தரங்க மீறல் என்று வழக்கு வரலாம், துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவர்கள் உங்களுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். திருட்டோ அடிதடியோ பதிவாகியிருந்தால் வெட்டாமல் ஒட்டாமல் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு போலீஸிடமோ வக்கீலிடமோ கொடுங்கள். முறைகேடாக எடுத்த பதிவை நீதிமன்றம் ஏற்காமலும் போகலாம், அதனால் எப்படி எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் லீகல் எய்ட் (சட்ட உதவி) அலுவலகத்தில் கேட்கலாம்.

மற்றதெல்லாம் அழித்துவிட வேண்டியதுதான். நான் அந்தப் பதிவை அத்தைக்கு முன்னால் வைத்தே அழித்தேன், எப்படிக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அப்புறம், "சரி, நீயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.