குளக்கரையில் கோரை வளர்க்க

குளக்கரையில் பறவையும் தும்பியும் வர வேண்டுமானால், உங்கள் பகுதியில் இயல்பாக வளரும் நீர்க்கோரையை நடுங்கள். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். பெரும்பாலான கோரைகளில் மூன்று பட்டை தட்டுப்படும், புல்லில் அது இருக்காது. வயலில் களையாகப் பரவும் கோரைக்கிழங்கை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், பிறகு ஒழிக்கவே முடியாது.

விதையைவிடத் தூரைப் பிரித்து நடுவது எளிது. வேரும் இரண்டு மூன்று தண்டும் உள்ள துண்டாகப் பிரித்து, தண்டைப் பாதியாக வெட்டி, சேற்றில் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். விதைதான் கிடைத்தது என்றால் ஈரமண்ணின் மேலேயே தூவுங்கள், மூடாதீர்கள். பல கோரை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

பலரும் தவறுவது தண்ணீரில்தான். புதுத் தளிர் முழுகினால் அழுகிவிடும். வேர் பிடிக்கும்வரை மண் சொதசொதவென்று இருந்தாலே போதும், பிறகு மெல்ல நீரை ஏற்றலாம்.

காய்ந்த தண்டுகளை ஒரேயடியாக அறுத்துவிடாதீர்கள். தும்பியின் இளவுயிரி தண்டைப் பிடித்து ஏறித்தான் தோலுரித்துச் சிறகு விரிக்கும். வாத்துகளுக்கு விதை உணவு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு அறுத்தால் போதும், அதுவும் பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்த பிறகு.